போனஸ்: மிகையூதியமா, ஊக்கத்தொகையா?

போனஸ் என்னும் சொல்லுக்குத் தமிழ் என்னவென்று கேட்டால் சிங்கப்பூரில் பெரும்பாலோர் ‘ஊக்கத்தொகை’ என்பார்கள். தமிழ்நாட்டு அரசின் தீபாவளி அறிவிப்புகளைப் படித்துப் பழகியவர் ‘மிகை ஊதியம்’ என்பார். இரண்டும் ஒன்றுதானே என்று மூன்றாமவர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். பலர் மாண்ட பெரும் விபத்துக்குப் பிறகும் நிறுவனத்தின் உயரதிகாரிகளுக்குப் போனஸ் வழங்கப்பட்டதாகச் செய்தி வரும்போது மக்கள் கொதிப்பதும், ஒப்பந்தப்படி சேர வேண்டியதைத்தான் கொடுத்தோம் என்று நிறுவனம் பதில் சொல்வதும் வழக்கமாகிவிட்டன. அந்தக் கொதிப்பும் பதிலும் ஒன்றையொன்று சந்திக்காமல் போவதற்கு, தன்மையில் வேறுபட்ட இரண்டு தொகைகளை ஒரே சொல்லால் அழைப்பதும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

சொல்லின் பிறப்பிலேயே ஒரு சிறு இலக்கணப் பிழை உண்டு. லத்தீனில் ‘போனுஸ்’ என்பது ‘நல்ல’ எனப் பொருள்படும் பெயரடை. ‘நல்ல பொருள்’ என்று சொல்ல வேண்டுமானால் ‘போனும்’ என்றிருக்க வேண்டும். லண்டன் பங்குச் சந்தைக்காரர்கள் அரைகுறை லத்தீனில் புழங்கிய ‘போனுஸ்’ 1770களில் ஆங்கிலத்தில் வேரூன்றி, வழக்கமான வருவாய்க்கு மேலாகக் கிடைக்கும் தொகையைக் குறிக்கலாயிற்று. வேரின் பொருள் நன்மை. யார் செய்த நன்மைக்கு, யாருக்குக் கிடைக்கும் நன்மை என்பதை அந்த வேர் சொல்லவில்லை.

தொழிலாளர் வரலாற்றில் இச்சொல் ஆபத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வந்ததும் உண்டு. 1917இல் அகமதாபாத்தில் பிளேக் நோய் பரவியபோது, நெசவாலைத் தொழிலாளர்கள் ஊரைவிட்டு ஓடிவிடாதிருக்க ஆலை முதலாளிகள் சம்பளத்துக்கு மேல் ‘பிளேக் போனஸ்’ கொடுத்தார்கள். நோய் தணிந்து, 1918 தொடக்கத்தில் அதை நிறுத்த முற்பட்டதால் மூண்ட பூசலில்தான் காந்தி தொழிலாளர் பக்கம் நின்று, 35 விழுக்காடு சம்பள உயர்வுக்காக உண்ணாநோன்பு இருந்தார். அங்கே போனஸ் என்பது, சாவுக்கு அருகில் நின்று தறி ஓட்டியவருக்குக் கொடுத்த விலை. அது முதலாளியின் தயவா, தொழிலாளியின் உரிமையா என்ற வழக்கு பல ஆண்டுகள் நீண்டு, 1965ஆம் ஆண்டின் இந்தியப் போனஸ் சட்டம் குறைந்தது 4 விழுக்காடு என்று வரையறுத்தது; பின்னர் அது 8.33 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம்.

சிங்கப்பூரில் நாம் ‘பதின்மூன்றாம் மாதச் சம்பளம்’ என்று சொல்வது, அதாவது சம்பளச் சீட்டில் ‘ஏடபிள்யூஎஸ்’ என்று அச்சாகும் தொகை, இந்த வகையைச் சேர்ந்தது. வேலை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் முதலாளி அதைக் கொடுத்தாக வேண்டும். எழுதியிராவிட்டால் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. அதற்கு மேல், நிறுவனத்தின் இலாபத்தையும் ஊழியரின் மதிப்பீட்டையும் பொறுத்துக் கூடியும் குறைந்தும் கிடைப்பது வேறொரு தொகை. இரண்டையும் டிசம்பர் மாதப் பேச்சில் நாம் ஒரே மூச்சில் ‘போனஸ் வந்துவிட்டதா?’ என்று கேட்டு முடித்துவிடுகிறோம்.

இனித் தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். ‘இனாம்’ அரபு வழி வந்தது. இன்று இலவசம் என்ற அளவுக்குத் தேய்ந்துவிட்டதால் இங்கே உதவாது. ‘வெகுமதி’ வடமொழியில் ‘மிகுந்த மதிப்பு’ என்னும் பொருளுடைய சொல்லின் தமிழ் வடிவம். கொடுப்பவர் மனமுவந்து தருவது என்ற குறிப்பு அதில் இருக்கிறது. ‘சன்மானம்’ எழுத்தாளருக்கும் கலைஞருக்கும் உரியதாக ஒதுங்கிவிட்டது. எஞ்சி நிற்பவை மிகையூதியமும் ஊக்கத்தொகையும்.

‘ஊதியம்’ இன்று சம்பளத்தைக் குறித்தாலும் அதன் பழைய பொருள் இலாபம். ‘முதலிலார்க்கு ஊதியம் இல்லை’ என்று குறள் சொல்லும்போது முதலீடு இல்லாதவருக்கு ஆதாயம் இல்லை என்றே பொருள். எனவே மிகையூதியம் என்பதை ‘கூடுதல் சம்பளம்’ என்றும் கொள்ளலாம். ‘மிகுந்த ஆதாயத்தில் ஒரு பங்கு’ என்றும் கொள்ளலாம். தொழிற்சங்கங்கள் நெடுநாள் வாதாடிய இரண்டு கோரிக்கைகளும் தற்செயலாக இந்த ஒரு கூட்டுச்சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. உழைத்து முடித்தவருக்குச் சேர வேண்டிய பாக்கி என்னும் தன்மை அதற்கு இருப்பதால், பதின்மூன்றாம் மாதச் சம்பளத்துக்கு இதுவே பொருத்தம்.

ஊக்கத்தொகை வேறு. ஒருவரை ஒரு செயலுக்கு ஊக்குவதற்காக முன்கூட்டியே இலக்கு வைத்து, இலக்கு எட்டப்பட்டால் கொடுப்பது அது. எட்டப்படாவிட்டால் பாக்கி என்று எதுவும் கிடையாது. இந்த ‘ஊக்கு’ என்னும் வினைக்கும் குறளில் ஓர் ஆட்சி உண்டு: ‘ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடையார்.’ வரப்போகும் ஆதாயத்தை எண்ணிக் கையிலிருக்கும் முதலையே இழக்கச் செய்யும் செயலை அறிவுடையவர்கள் மேற்கொள்ள மாட்டார்கள். எதற்கு ஊக்கம் தருகிறோம் என்பதைப் பார்க்காமல் ஊக்கத்தொகையைப் பற்றிப் பேச முடியாது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று எனக்குத் தெரியவில்லை.

2010 ஏப்ரல் 20ஆம் தேதி மெக்சிகோ வளைகுடாவில் ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 பேர் மாண்டனர். மேடையைக் குத்தகைக்கு எடுத்திருந்தது பிபி நிறுவனம். அதன் உரிமையாளர் டிரான்ஸ்ஓஷன். மாண்டவர்களில் 9 பேர் டிரான்ஸ்ஓஷன் ஊழியர்கள். ஏழாண்டுகள் வேலைநேர இழப்பு ஏற்படுத்தும் விபத்தே இல்லாமல் கழிந்ததைப் பாராட்டுவதற்காக இரு நிறுவனங்களின் அதிகாரிகளும் அன்றுதான் அந்த மேடைக்கு வந்திருந்தார்கள். 2011 ஏப்ரலில் டிரான்ஸ்ஓஷன் பங்குதாரர்களுக்கு அனுப்பிய அறிக்கையில், வளைகுடாவில் நேர்ந்த உயிரிழப்பு ஒருபுறமிருக்க, புள்ளிவிவர அளவீடுகளின்படி 2010ஆம் ஆண்டே நிறுவன வரலாற்றில் பாதுகாப்பில் மிகச் சிறந்த ஆண்டு என்று எழுதி, உயரதிகாரிகளின் போனஸில் பாதுகாப்புக்கு உரிய பங்கையும் வழங்கியிருந்தது. அளவுகோல்கள் இரண்டு: பதிவு செய்யத்தக்க விபத்துகளின் விகிதம், அவற்றின் சாத்தியக் கடுமையின் விகிதம். கணக்கு பொய்யென்று யாரும் சொல்லவில்லை. உலகெங்கும் பரவியிருந்த அத்தனை மேடைகளின் வேலைநேரத்தோடு சேர்த்துக் கூட்டி வகுத்தபோது, 11 சாவுகளை விழுங்கிவிடும் அளவுக்கு அந்தக் கணக்கு பெரிதாக இருந்தது என்பதே விஷயம்.

அதே நிறுவனம் முந்தைய 2009ஆம் ஆண்டில் நான்கு ஊழியர்கள் மாண்டதைக் காரணம் காட்டி உயரதிகாரிகளின் போனஸை நிறுத்தி வைத்திருந்தது என்பதை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அப்போது இயக்குநர் மன்றம் சூத்திரத்துக்கு மேலாகத் தன் தீர்ப்பை வைத்தது. மறு ஆண்டில் சூத்திரத்தின் பின்னால் நின்றுகொண்டது. கண்டனம் வலுத்ததும், வாசகங்களில் சில மனத்தைப் புண்படுத்தக்கூடியவை என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. உயரதிகாரிகள் ஐவர் பாதுகாப்புப் பங்கை, 250,000 யுஎஸ் டாலருக்கு மேற்பட்ட தொகையை, மாண்டோர் நினைவு நிதிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஊக்கத்தொகை என்ற பெயரில் பெற்றதை நன்கொடை என்ற பெயரில் தந்தார்கள். இடையில் ‘இது உங்களுக்குச் சேர வேண்டியதே இல்லை’ என்று மன்றம் சொல்லியிருக்க வேண்டிய இடம் வெற்றிடமாகவே போயிற்று.

நம் ஊர்க் கட்டுமானத் தளங்களின் வாசலில் ‘விபத்தின்றி இத்தனை நாள்கள்’ என்று எண்ணை மாற்றி மாட்டும் பலகையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாக இராது. பலகையின் எண் உயர்ந்தால் மேலாளருக்கும் குழுவுக்கும் பரிசு என்று வைத்துவிட்டால், கை நசுங்கிய தொழிலாளிக்கு ‘எம்சி’ (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) வாங்கித் தராமல் இரண்டு நாள் ‘லைட் டியூட்டி’ போட்டு உட்காரவைக்கும் ஆசை மேற்பார்வையாளருக்கு வருவது இயல்பு. இந்த ஓட்டையை அடைப்பதற்கு 2020 செப்டம்பர் முதல், எத்தனை நாளானாலும் வேலைக் காயத்துக்கான மருத்துவ விடுப்பையும் இலேசான பணி ஒதுக்கீட்டையும் மனிதவள அமைச்சிடம் முதலாளிகள் தெரிவித்தாக வேண்டும் என்று விதி வந்தது. வேலையிட மரணங்கள் 46ஆக உயர்ந்த 2022ஆம் ஆண்டில் அமைச்சு கூடுதல் பாதுகாப்புக் காலத்தை அறிவித்து, கடுமையான குறைபாடு தெரியவந்தால் தலைமை நிர்வாகியே நேரில் வந்து விளக்கமளிக்க வேண்டும் என்றது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரையும் கணக்குக்குள் இழுத்தது இதன் சிறப்பு.

போயிங் கதை இன்னும் நீளமானது. 2018 அக்டோபரில் ஜகார்த்தாவிலிருந்து கிளம்பிய லயன் ஏர் விமானமும் 2019 மார்ச்சில் எத்தியோப்பிய விமானமும் விழுந்து 346 பேர் மாண்டனர். அதே மார்ச்சில் போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் சிங்கப்பூருக்கு வந்து போவதை நாட்டின் விமானத்துறை ஆணையம் நிறுத்தியதால் சில்க்ஏரின் ஆறு விமானங்களும் தரையில் நின்றன. போயிங்கின் அப்போதைய தலைமை நிர்வாகி டென்னிஸ் முய்லன்பர்க் 2019 இறுதியில் நீக்கப்பட்டபோது பணிநீக்க ஈட்டுத்தொகை கிடையாது என்று அறிவிக்கப்பட்டது. ஆயினும் பங்குகளும் ஓய்வூதியமுமாக ஏறத்தாழ 62 மில்லியன் யுஎஸ் டாலரோடு வெளியேறினார். அடுத்து வந்த டேவிட் கல்ஹூனுக்கு, மேக்ஸை மீண்டும் பாதுகாப்பாகப் பறக்கவைப்பது உள்ளிட்ட இலக்குகளுக்காக 7 மில்லியன் ஒதுக்கப்பட்டிருந்தது. 777எக்ஸ் விமானம் தாமதமானதால் அதை மன்றம் தரவில்லை. 2024 ஜனவரியில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தின் பக்கச் சுவர்த் துண்டு நடுவானில் பறந்து போன பிறகு, 2023ஆம் ஆண்டுக்கான 2.8 மில்லியன் போனஸை அவரே வேண்டாமென்றார். எனினும் அவ்வாண்டுக்கான அவரது மொத்த ஊதியம் 32 மில்லியனைத் தாண்டியது. தலைவர்களின் வருவாயில் பெரும்பகுதி பங்குகளாகவே வருகிறது என்பதால், ரொக்கப் போனஸை மட்டும் விட்டுக்கொடுத்ததாக வரும் செய்தியைச் சற்று நிதானமாகவே படிக்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சூழலில் புழங்கும் இன்னும் இரண்டு சொற்களுக்குத் தமிழ் தேவைப்படுகிறது. ஒன்று ‘மாலஸ்’: லத்தீனில் ‘கெட்ட’ என்று பொருள், போனஸுக்கு நேர் எதிர்ச்சொல். ஒதுக்கப்பட்டும் இன்னும் கைக்குப் போகாத தொகையைக் குறைப்பதையோ இல்லாமல் செய்வதையோ அது குறிக்கும். மற்றது ‘கிளாபேக்’: கொடுத்து முடித்ததைத் திரும்ப வாங்குவது. சிங்கப்பூர் வங்கிகளின் ஆண்டறிக்கைகளில் இரண்டும் சேர்ந்தே வரும். முதலாவதற்குப் புதுச்சொல் புனைய வேண்டியதில்லை. மத்திய சேம நிதிக்கு மாதந்தோறும் கழிப்பதை நாம் ‘பிடித்தம்’ என்றுதான் சொல்கிறோம். கைக்கு வருமுன் நிறுத்திக்கொள்வது என்ற கருத்து அதிலேயே இருக்கிறது. இரண்டாவதற்கு ‘மீட்பு’ போதும். ‘பின்னிழுப்பு’ என்று சிலர் எழுதுவது கயிறு இழுக்கும் போட்டியைத்தான் நினைவூட்டுகிறது.

பிடித்தத்துக்கு உள்ளூர் எடுத்துக்காட்டு 2023இல் டிபிஎஸ் வங்கியின் இணையச் சேவைகள் பலமுறை தடைப்பட்டது. உயிர்ச்சேதம் எதுவும் இல்லாத, வாடிக்கையாளர் எரிச்சலோடு முடிந்த அந்தக் கோளாறுகளுக்கே தலைமை நிர்வாகியின் மாறுபடும் ஊதியத்தில் 30 விழுக்காடு, அதாவது 4.14 மில்லியன் வெள்ளி குறைக்கப்பட்டது; நிர்வாகக் குழுவுக்கு ஒட்டுமொத்தமாக 21 விழுக்காடு. மீட்புக்கோ சட்டத்தின் எல்லை குறுகியது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2022இல் பிறப்பித்த விதி, நிறுவனம் தன் நிதிக் கணக்கைத் திருத்தி வெளியிட நேர்ந்தால் மட்டுமே உயரதிகாரிகளின் ஊக்கத்தொகையை மீட்கக் கட்டாயப்படுத்துகிறது. கணக்கேட்டில் பிழை இருந்தால் பணம் திரும்ப வேண்டும். மேடை வெடித்தால் திரும்ப வேண்டுமா என்பதை அந்த விதி நிறுவனங்களின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது.

செய்தி எழுதுவோர் ‘போனஸ் ரத்து’ என்று பொதுவாக எழுதாமல், யார் செய்தது என்பதை வினையிலேயே காட்டலாம். அதிகாரி தானாக விட்டால் ‘துறந்தார்’. கைக்குப் போகுமுன் மன்றம் நிறுத்தினால் ‘பிடித்தது’. போன பிறகு வாங்கினால் ‘மீட்டது’. டிரான்ஸ்ஓஷனில் நடந்தது முதலாவதுகூட இல்லை. பெற்றுக்கொண்ட பின் கொடுத்தது.