ஆன்டிஆக்ஸிடன்ட்: நெய்யில் போட்ட முருங்கையிலை

கடலூர்ப் பக்கம் பழைய மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெயை முகர்ந்து பார்த்துவிட்டு 'சிக்கு அடிக்குது' என்பார்கள். எண்ணெயின் கொழுப்போடு காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்ந்து அதைச் சிதைப்பதால் வரும் வாடை அது. அந்த வினையைத் தாமதப்படுத்தும் பொருள்தான் ஆன்டிஆக்ஸிடன்ட்.

'ஆன்டி' என்றால் கிரேக்கத்தில் எதிர். 'ஆக்சிஜன்' 1777-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் வைத்த பெயர். 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்று பொருள். எல்லா அமிலத்திலும் அது இருக்கிறது என நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது என்று பின்னால் தெரிந்தது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. நம் 'உயிர்வளி'யில் அந்தப் பிழை இல்லை. ஆனாலும் ஆக்சிஜன் சேரும் அந்த வினைக்குப் பாடநூல் வழியாக 'ஆக்சிஜனேற்றம்' என்ற பெயர் ஊன்றிவிட்டது. இலங்கையில் 'ஒட்சியேற்றம்' என்பார்கள்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'எதிர் ஆக்சிஜனேற்றி' என்று எழுதுகிறார்கள். எனக்கு 'ஆக்சிஜனேற்றத் தடுப்பி' பிடித்திருக்கிறது. அந்தப் பொருள் செய்யும் வேலை அதிலேயே தெரிகிறது.

மஞ்சக்குப்பத்தில் எங்கள் ஆயா வெண்ணெய் உருக்கும்போது, நுரை அடங்கி அடியில் கசடு சிவக்கும் நேரம் பார்த்து ஒரு கைப்பிடி முருங்கையிலையை உருவிப் போடுவார். படபடவென்று பொரிந்து மொறுமொறுவென மிதக்கும். அதை அள்ளிச் சோற்றில் பிசைந்து எங்களுக்கு ஊட்டுவார். நெய் வெகுநாள் சிக்கு அடிக்காது. வாசனைக்காகப் போடுகிறார் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். கொழுப்பு சிதையும்போது, ஜோடி இல்லாத எலக்ட்ரானோடு ஒரு மூலக்கூறு அடுத்ததைத் தாக்கும், அது அதற்கடுத்ததை. இலையிலுள்ள குவெர்செட்டின் போன்ற ஃபீனால் வகைச் சேர்மங்கள் தம்மிடமிருந்து ஒரு ஹைட்ரஜன் அணுவைக் கொடுத்து அந்தச் சங்கிலியை அறுக்கின்றன.

துளசி, புதினா, கற்பூரவல்லி மூன்றிலும் இதே வேலைக்கு ரோஸ்மரினிக் அமிலம் இருக்கிறது. 1958-இல் முதலில் ரோஸ்மேரி என்ற செடியிலிருந்து பிரித்ததால் அந்தப் பெயர். ரோஜாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லத்தீனில் 'ரோஸ் மரினுஸ்' என்றால் கடற்பனி.

அப்புறம், தடுப்பி என்றதும் நோய்த் தடுப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு பீட்டா கரோட்டின் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பியை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் கூடியிருந்தது.