இறுகிய தோளைப் பிடித்து இழுக்காதீர்கள்

சென்ற வாரம் ஓர் அம்மா வலக்கையை இடக்கையால் தாங்கியபடி, பிசியோதெரபிஸ்டான என் அறைக்குள் வந்தார். வயது 52. பின்னாலேயே தலையைக் குனிந்தபடி அவருடைய மகன். வலத் தோள் இறுகிப்போய் என்னிடம் சிகிச்சைக்கு வருபவர். மூன்று வாரங்களுக்கு முன்புதான் அவர் கையைக் கோணமானி வைத்து அளந்திருந்தேன். முன்பக்கமாக 110 டிகிரி வரை உயர்ந்தது. முழங்கையை விலாவோடு ஒட்டவைத்து முன்கையை வெளிப்புறம் திருப்பச் சொன்னால் 25 டிகிரி. இப்போது அளந்தால் 80, 10. முகத்தைப் பார்த்தாலே இரவில் தூங்கவில்லை என்று தெரிந்தது.

மகன் எதையும் மறைக்கவில்லை. "ஒரு வீடியோவில் பார்த்தேன் டாக்டர். மூட்டு உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும், ஒரே மூச்சில் தலைக்கு மேல் தூக்கினால் ஒட்டு விட்டுவிடும் என்றார்கள். அம்மாவைப் படுக்கவைத்துத் தூக்கினேன். 'படக்' என்று சத்தம் வந்தது. சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம்."

உடனே எக்ஸ்-ரேவுக்கு அனுப்பினேன். எலும்பு முறியவில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. இந்த ஆண்டில் இப்படி வந்தவர்களில் இவர் நான்காவது. இழுத்தவர் ஒருவருக்குக் கணவர், இன்னொருவருக்கு உடற்பயிற்சிக் கூடத்து நண்பர், மற்றொருவருக்குத் தானே. கதவின் மேல்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முழு உடல் எடையையும் தொங்கவிட்டிருக்கிறார். நால்வரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: "வலித்தால்தானே டாக்டர் விடும்?"

விடாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், நோயின் பெயருக்கும் அதில் பங்கு இருக்கிறது. 1934-இல் அமெரிக்க அறுவைச் சிகிச்சை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் இதை 'ஃப்ரோசன் ஷோல்டர்', அதாவது உறைந்த தோள் என்றார். (குளிருக்கும் இதற்கும் தொடர்பில்லை. குளிரூட்டிய அறையில் படுத்ததால் வந்தது என்று சொல்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.) 1945-இல் ஜூலியஸ் நெவியாசர் தோளைத் திறந்து பார்த்து, மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கி, தோலில் ஒட்டிய பிளாஸ்திரியைப் போல எலும்பின் தலையோடு ஒட்டியிருக்கிறது என்று எழுதினார். 'ஒட்டும் மூட்டுறை அழற்சி' என்ற பொருள்படும் பெயர் அப்போது வந்தது. ஒட்டு என்ற சொல் அன்று பிடித்துக்கொண்டது, இன்றுவரை நம் மனதை விட்டுப் போகவில்லை.

பிறகு சிறு துளை வழியே கேமராவை மூட்டுக்குள் செலுத்திப் பார்க்கும் வசதி வந்தது. அப்படிப் பார்த்தபோது பெரும்பாலான தோள்களில் பிய்த்தெடுக்கும்படியான ஒட்டு எதுவும் தென்படவில்லை. உறை செக்கச்செவேலென்று அழன்று, தடித்து, சுருங்கியிருந்தது. நல்ல தோளின் உறைக்குள் ஏறத்தாழ 20 முதல் 30 மில்லி திரவம் கொள்ளும். இறுகிய தோளில் 10 மில்லிகூடக் கொள்ளாது. தளர்வாகத் தொங்க வேண்டிய பை, இறுக்கிக் கட்டிய சுருக்குப்பையாக மாறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பை முழுக்க இப்போது புண்ணாற்றும் செல்கள் வேலை செய்துகொண்டிருக்கின்றன. உடலில் ஒரு வெட்டுக்காயம் ஆறும்போது தழும்புத் திசுவை உருவாக்கும் அதே வகைச் செல்கள். இங்கே அவை அளவு தெரியாமல் திசுவைப் போட்டு இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கின்றன.

இந்த நேரத்தில் நீங்கள் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் என்ன ஆகும்? உறை கிழிகிறது. கிழிந்த இடம் புதிய காயம். காயத்தை ஆற்ற அதே செல்கள் இன்னும் வேகமாக ஓடிவருகின்றன. ஆறுகிற புண்ணின் பொருக்கைத் தினமும் பிய்த்துவிட்டுத் தழும்பு ஏன் தடிக்கிறது என்று கேட்பதைப் போன்றது இது. 'படக்' என்ற சத்தம் ஒட்டு விட்ட சத்தம் என்று யாரும் மகிழ வேண்டாம். உறையோ, தசைநாரோ, மூட்டுக் கிண்ணத்தின் விளிம்போ, சில வேளைகளில் எலும்போ எழுப்பும் சத்தம் அது.

"பெரிய மருத்துவமனையில் மயக்கம் கொடுத்து அதைத்தானே செய்கிறார்கள்?" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். செய்கிறார்கள். ஆனால் யாருக்கு, எப்படி என்று பாருங்கள். மாதக்கணக்கில் மற்ற சிகிச்சைகளுக்கு வழிவிடாத தோள்களுக்கு மட்டும். முழு மயக்கத்தில் தசைகள் எல்லாம் தளர்ந்துவிட்ட நிலையில். மருத்துவரின் கை நோயாளியின் மணிக்கட்டில் இருக்காது; அக்குளை ஒட்டி, மேற்கையின் மேற்பகுதியைப் பிடித்திருக்கும். நெம்புகோல் நீளமானால் எலும்பில் விழும் விசையும் கூடும் என்பதால்தான் அந்தப் பிடி. அப்படிச் செய்தும்கூட எலும்பு முறிவு ஏற்படலாம் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்குகிறார்கள். வீட்டில் இழுப்பவர் பிடிப்பதோ மணிக்கட்டை. நோயாளி விழித்திருக்கிறார், வலியில் தசைகள் எல்லாம் இறுகியிருக்கின்றன. ஐம்பது வயதைக் கடந்த பெண், எலும்புத் தேய்மானம் வேறு இருந்தால், நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

வெறும் பயமுறுத்தல் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். 2004-இல் நெதர்லாந்தில் 77 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். ஒரு பிரிவுக்கு வலியைத் தாண்டி இழுக்கும் தீவிரப் பயிற்சி. மற்றதற்கு வலி எல்லைக்குள் மென்மையான அசைவு, அதோடு என்ன நடக்கிறது என்ற விளக்கம், அவ்வளவுதான். மென்மையாக நடத்தப்பட்டவர்களில் 89 சதவீதம் பேருக்குத் தோள் நல்ல நிலைக்குத் திரும்பியது. வலிக்க வலிக்க இழுத்தவர்களில் 63 சதவீதம் பேருக்குத்தான். 2020-இல் பிரிட்டனில் 503 பேரை வைத்து நடந்த ஆய்வு மயக்கத்தில் திருகிவிடுதல், நுண்துளை அறுவைச் சிகிச்சை, ஸ்டீராய்டு ஊசியோடு முறையான பிசியோதெரபி மூன்றையும் ஒப்பிட்டது. ஓராண்டு முடிவில் எதுவும் மற்றவற்றைவிடக் குறிப்பிடும்படி மேலானதாக இல்லை. கத்தி வைக்காமலேயே பெரும்பாலான தோள்கள் திரும்பிவிடும் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

சரி, எப்படித் திரும்பும்? இதற்கு உங்கள் தோள் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். வலி ஏறிக்கொண்டே போகும் முதல் கட்டம் சில மாதங்கள் நீடிக்கும். பிறகு வலி குறைந்து இறுக்கம் மட்டும் நிற்கும் கட்டம். கடைசியாக இளகும் கட்டம். மொத்தம் ஓராண்டிலிருந்து மூன்று ஆண்டுகள் வரை ஆகலாம். இதைக் கேட்டதும் பலருக்கு முகம் வாடிவிடுகிறது, அந்த அவசரத்தில்தான் இழுப்பவர்களைத் தேடிப் போகிறார்கள்.

முதல் கட்டத்தில் கை எவ்வளவு உயர்கிறது என்ற கணக்கே வேண்டாம். வலியை அடக்கித் தூங்கவைப்பதுதான் வேலை. மல்லாந்து படுத்து, வலிக்கும் பக்கத்து முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை வையுங்கள். ஒருக்களித்துப் படுப்பவர்கள் நல்ல பக்கம் படுத்து, வலிக்கும் கையை நெஞ்சுக்கு முன் தலையணையில் கிடத்துங்கள். மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி பலன் தருவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். ஊசி என்றதும் பின்வாங்கி, எட்டு மாதம் கழித்து இறுகிய தோளோடு வந்து "இப்போது போடலாமா" என்று கேட்பவர்கள் அதிகம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை அளவு ஏறும் என்பதை அறிந்து அடிக்கடி பரிசோதிக்க வேண்டும். பயிற்சி என்றால் ஊசல் அசைவு போதும்: மேசையில் நல்ல கையை ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு, உடலை லேசாக ஆட்டுங்கள், கை தானாக ஆடும். கையை ஆட்டாதீர்கள், உடலை ஆட்டுங்கள். இதைத் தவறாகச் செய்யாத நோயாளியை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. கழுத்தில் தொட்டில் கட்டிக் கையை மாதக்கணக்கில் அசைக்காமல் வைப்பது. அதுவும் வேண்டாம்.

வலி தணிந்து இறுக்கம் நிற்கும்போதுதான் நீட்டும் பயிற்சிகளுக்கு நேரம். இங்கே என்னை மிகவும் வருத்துவது, எல்லோரும் சுவரில் விரல்களால் ஏறிக்கொண்டே இருப்பது. கண்ணாடி முன் நின்று அந்தப் பயிற்சியைச் செய்து பாருங்கள். கை உயர்கிறதா, அல்லது தோள்பட்டை முழுவதும் காதை நோக்கி ஏறுகிறதா? பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்குத் தோள்பட்டைதான் ஏறும். மூட்டு அசையாமல் பட்டை எலும்பு அதன் வேலையைச் செய்துவிடுகிறது. சுவரில் உயரம் கூடுகிறது, மூட்டு அப்படியே இருக்கிறது.

இந்த நோயில் முதலில் பறிபோவது கையை வெளிப்புறம் திருப்பும் அசைவு. அது திரும்பாமல் கை முழுதாக உயராது. மேற்கை எலும்பின் மேல் இருக்கும் மேடு, கை உயரும்போது வெளிப்புறம் திரும்பி வழிவிட வேண்டும். திரும்பாவிட்டால் மேலே உள்ள எலும்புக் கூரையில் முட்டும். ஆகவே ஒரு குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்து, முழங்கையை 90 டிகிரி மடக்கி, முழங்கைக்கும் விலாவுக்கும் இடையில் சுருட்டிய துண்டு ஒன்றை வையுங்கள். இரு கைகளாலும் குச்சியின் இரு முனைகளைப் பிடித்து, நல்ல கையால் வலிக்கும் கையை வெளிப்புறம் தள்ளுங்கள். துண்டு கீழே விழக் கூடாது. இழுவை தெரியும் இடத்தில் நிறுத்தி, முப்பது வரை மெதுவாக எண்ணி, பழைய இடத்துக்கு வாருங்கள். நான்கைந்து முறை போதும். நாளுக்கு மூன்று நான்கு வேளை செய்யுங்கள். வெந்நீர் ஒத்தடத்துக்குப் பிறகோ குளித்த பிறகோ செய்தால் இன்னும் நல்லது. ஒரே வேளையில் ஒரு மணி நேரம் செய்துவிட்டு மற்ற நேரம் முழுக்கச் சும்மா இருப்பதில் பலன் இல்லை. முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து மேலே இழுக்கும் பயிற்சி கடைசியில்தான் வர வேண்டும். அந்த அசைவு எல்லாவற்றுக்கும் பின்னால் மெதுவாகத் திரும்பும், அதை முதலில் தொட்டுத் தோளைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

எவ்வளவு வலிக்கலாம்? செய்யும்போது இழுவை தெரியலாம். முடித்து அரை மணி நேரத்தில் அது அடங்கிவிட வேண்டும். அன்று இரவு வலி கூடினால், மறுநாள் காலையில் கை முன்பைவிடக் குறைவாக உயர்ந்தால், நீங்கள் அளவு மீறிவிட்டீர்கள். மறுநாள் பாதியாகக் குறையுங்கள். நிறுத்த வேண்டாம், குறையுங்கள்.

கையைத் தூக்க முடியவில்லை என்பதற்காக எல்லாத் தோளும் இறுகிய தோள் ஆகிவிடாது. நீங்களாகத் தூக்க முடியவில்லை, இன்னொருவர் மெல்லத் தூக்கினால் தடையின்றி மேலே போகிறது என்றால் தசைநார் கிழிந்திருக்கலாம், அதற்குச் சிகிச்சை வேறு. கீழே விழுந்த பிறகு வந்த வலி, காய்ச்சலோடு சிவந்து வீங்கிய தோள், காரணமில்லாமல் எடை குறைவதோடு சேர்ந்து வரும் தோள்வலி, இவற்றுக்கு வீட்டில் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். நெஞ்சழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறலோடு தோளிலோ கையிலோ வலி வந்தால் அது இதய அவசரம், பிசியோதெரபிஸ்டைத் தேடி வராதீர்கள், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். காரணம் தெரியாமல் தோள் இறுகியவர்கள் சர்க்கரையையும் தைராய்டையும் ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். தோள்வலிக்காக வந்து, இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இருப்பது தெரியவந்தவர்கள் என்னிடமே உண்டு. ஒரு பக்கம் குணமான பின் சில ஆண்டுகளில் மறுபக்கத் தோளுக்கும் வருவதுண்டு. மறுபக்கத்தில் வலி தொடங்கியதுமே வாருங்கள்.

அந்த அம்மாவுக்கு இப்போது மறுபடி முதல் கட்டத்துச் சிகிச்சை. மருத்துவர் ஊசி போட்டிருக்கிறார், தலையணை வைத்துத் தூங்குகிறார், ஊசல் அசைவு மட்டும் செய்கிறார். மகன் நான் திட்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். போகும்போது, "இனி நான் என்ன செய்யட்டும் டாக்டர்?" என்று கேட்டார். அவருக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். வலி தணிந்ததும், வாரம் ஒரு முறை, ஞாயிறு காலையில், அம்மாவைச் சுவரோரம் நிற்கவைத்து, தோள்பட்டை ஏறாமல் விரல் எட்டும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. அம்மாவின் கையை அவர் தொடக் கூடாது.