நல்ல சோறுதான் டாக்டர்

தை பிறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் சோறு தின்று படுத்த மாடுகள் ஐந்தைப் பார்த்துவிட்டேன். இரண்டு போய்விட்டன. ஐந்தாவதற்கு இன்றோடு ஆறு நாளாக வைத்தியம் நடக்கிறது. கோபத்தில் எழுதுவதுபோல் தெரிந்தால், ஆமாம், கோபத்தில்தான் எழுதுகிறேன்.

அந்த ஐந்தாவது மாடு வடசென்னையில், ஆட்டோ நுழையாத ஒரு சந்தில் இருக்கிறது. தகரக் கொட்டகையில் மூன்று மாடு வைத்துக்கொண்டு இருபது வீட்டுக்குப் பால் ஊற்றும் ஆயா ஒருவருடையது. கன்று போட்டு ஒன்றரை மாதமான ஜெர்சி கலப்பினம்.

"நேத்து காலைலேர்ந்து தீனி எடுக்கல டாக்டர். பாலும் சொட்டு இல்ல."

மாடு கழுத்தை நீட்டிப் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நின்றது. கண் உள்ளே போயிருந்தது. இடது விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் முஷ்டியை வைத்து அழுத்தினேன். நன்றாக இருக்கும் மாட்டில் அந்த இடம் சப்பாத்தி மாவுபோல் இருக்கும். இதில் பாதி நிரம்பிய குடத்தை ஆட்டியதுபோல் களக் களக் என்றது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இரண்டு நிமிடம் கேட்டேன். அந்த நேரத்துக்குள் இரண்டு மூன்று முறையாவது தூரத்து இடிபோல ஒன்று உருண்டு போக வேண்டும். ஒன்றுமில்லை. பின்னால் சாணி சாம்பல் நிறத்தில், தண்ணியாக, நுரைத்துப் புளித்த வாடையோடு கிடந்தது. குச்சியால் கிளறினால் முழுசு முழுசாகச் சோற்றுப் பருக்கை.

"என்ன ஆயா போட்டீங்க?"

ஆயா பேசவில்லை. பேரன்தான் சொன்னான். "கல்யாண மண்டபத்துல மிச்சம் சார். ரெண்டு அன்னக்கூடை. கன்னு போட்ட மாடாச்சே, பால் ஏறட்டும்னு இதுக்கே வெச்சுட்டோம்."

உடனே ஆயா குறுக்கிட்டார். "நல்ல சோறுதான் டாக்டர். கெட்டெல்லாம் போவல. நான்கூட ரசம் ஊத்தி ரெண்டு வாய் துன்னேன்."

ஐந்து வீட்டிலும் இதே வார்த்தை. பதினெட்டு வருடமாக இதே வார்த்தை. சோறு கெட்டிருந்தால்தான் மாட்டுக்கு ஆகாது, விஷம் ஏறிவிடும், நல்ல சோறென்றால் வயிறு நிறையத் தின்னட்டும் என்று எல்லோரும் நம்புகிறோம். நோய் வந்தபிறகும் அதே நம்பிக்கைதான். பூச்சி கடித்திருக்கும், பக்கத்து வீட்டுக்காரி கண் வைத்திருப்பாள், யாரோ எதையோ கலந்திருப்பார்கள் என்று சோற்றைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் சந்தேகம் போகும்.

எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்கிறேன். மாட்டைச் சாய்த்தது அந்த நல்ல சோறுதான். பதமாக வெந்த, மல்லிகைப் பூப்போல உதிரும், நீங்களும் நானும் இலையில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் அதே சோறு. அதில் விஷம் எதுவும் இருக்க வேண்டியதில்லை.

இட்லிக்கு மாவு அரைக்காத வீடு நம் ஊரில் எத்தனை? அரிசியும் உளுந்தும் அரைத்து இரவு வைத்தால் காலையில் பொங்கி நிற்கிறது. சித்திரையில் கொஞ்சம் அசந்தால் பாத்திரத்தை மீறி மேடையெல்லாம் வழிகிறது. அரிசி மாவில் நுண்ணுயிர் வேலை செய்து புளிக்க வைப்பதுதான் அது. இப்போது அந்தப் பாத்திரத்தை 100 லிட்டருக்கு மேல் கொள்ளும் அண்டாவாக நினைத்துக்கொள்ளுங்கள். சூடு எப்போதும் 39 டிகிரி. உள்ளே ஏற்கெனவே ஒரு மில்லி சாற்றுக்கு ஆயிரம் கோடிக் கணக்கில் பாக்டீரியா இருக்கிறது. அதில் இரண்டு அன்னக்கூடை வெந்த சோற்றைக் கொட்டுகிறீர்கள். மாவு வழிந்தால் மேடையைத் துடைத்துவிடலாம். மாட்டுக்கு வழிய இடமில்லை.

'நாலு வயிறு இருக்கே, கல்லைத் தின்னாலும் செரிக்குமே' என்பார்கள். நாலில் பெரியதான அசையூண் வயிறு செரிப்பதே இல்லை. அங்கே செரிமானச் சாறு சுரப்பதில்லை. வைக்கோலை உடைக்கிற சக்தி மாட்டுக்குக் கிடையாது, அந்த வேலையை முழுக்கச் செய்வது உள்ளே குடியிருக்கிற பாக்டீரியாவும் புரோட்டோசோவாவும் பூஞ்சையும்தான். அவை நாரைத் தின்று கழிக்கிற அமிலங்களை வயிற்றுச் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. மாட்டுக்கு வேண்டிய சக்தியில் முக்கால்வாசி அந்த வழியில் வருவதுதான். பாலில் கொழுப்பு வருவதற்கும் அதில் ஒரு அமிலம் வேண்டும். நீங்கள் தொட்டியில் வைப்பது முதலில் அவற்றுக்குத்தான். மாடு சாப்பிடுவது அடுத்த பந்தியில்.

நார் தின்கிற கூட்டம் நிதானமானது. வைக்கோல் அங்கே நாள்கணக்கில் ஊறும். மாடு அதை எடுத்தெடுத்து ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசைபோடும். அசைபோடப்போட எச்சில் ஊறும், ஒரு பெரிய மாட்டுக்கு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல். எச்சிலில் சோடா உப்பு இருக்கிறது. அதுதான் வயிற்றின் புளிப்பைக் கட்டுப்படுத்தி வைக்கிறது. சோற்றுக்கு இது எதுவும் பொருந்தாது. மெல்ல வேண்டாம், எச்சிலும் வேண்டாம், சில மணி நேரத்தில் கரைந்துவிடும். மாவுச்சத்தைத் தின்கிற வேறொரு கூட்டம் மளமளவென்று பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகிறது. புளிப்பை அளக்கும் எண்ணுக்குப் பி.எச். என்று பெயர், அது குறையக் குறையப் புளிப்பு அதிகம். 6-க்கும் 7-க்கும் நடுவில் இருக்க வேண்டிய அந்த பி.எச். 5-க்குக் கீழே இறங்குகிறது. நார் தின்னும் பழைய கூட்டம் கூண்டோடு சாகிறது. உள்ளே அமிலம் சேரச்சேர ரத்தத்திலிருந்து தண்ணீரை வயிறு இழுத்துக்கொள்கிறது. நான் கேட்ட களக் களக் அந்தத் தண்ணீர்தான். மாட்டின் கண் குழிவதும் அதனால்தான்.

சமைக்காத அரிசி, கம்பு, மக்காச்சோளம் மூட்டையை அவிழ்த்துத் தின்றாலும் கதி இதேதான். வெந்தது இன்னும் சீக்கிரம், அவ்வளவுதான் வித்தியாசம்.

கல்லூரியில் படிக்கும்போது விலாவில் ஓட்டை போட்டு ரப்பர் மூடி வைத்த மாடு ஒன்று எங்களுக்குப் பாடம் நடத்த இருந்தது. முழங்கை வரை கையை விட்டுப் பார்த்திருக்கிறேன். இதமான சூடு. ஏதோ பெரிய பிராணி கையைப் பிடித்துப் பிசைவதுபோல் இருக்கும். அதற்குப் பிறகு எனக்கு மாட்டின் வயிறு என்பது பையாகத் தோன்றியதே இல்லை.

சரி, ஆயா வீட்டுக்கு வருகிறேன். குழாய் விட்டு எடுத்த சாறு பால் கலந்த சாம்பல் நிறத்தில் இருந்தது. பி.எச். தாளில் 5-க்குக் கீழே காட்டியது. இதயத் துடிப்பு 110. வயிற்றைக் கழுவி, அமிலத்தை முறிக்க மருந்து விட்டு, சலைன் பாட்டில்களை ஏற்றி முடிக்க இரவாகிவிட்டது.

மறுநாள் அவருடைய இன்னொரு மாட்டின் வயிற்றிலிருந்து ஐந்தாறு லிட்டர் சாறு எடுத்து வடிகட்டி, சூடு ஆறுவதற்குள் இதற்குள் விட்டேன். செத்துப்போன கூட்டத்துக்குப் பதில் உயிருள்ள கூட்டத்தைக் குடியேற்றுவது. ஆயாவுக்கு ஒப்பவில்லை. "அது வவுத்துல இருந்ததையா இதுக்கு ஊத்துறீங்க?" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

பேரனை மருந்து வாங்க கிளினிக்குக்குக் கூட்டிப்போனபோது ஒரு வேலை செய்தேன். நல்ல மாட்டின் சாறு கொஞ்சத்தைக் காப்பி ஃபிளாஸ்கில் எடுத்து வைத்திருந்தேன். ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் காட்டினேன். "கோயில் குளத்துல பொரி போட்டா மீன் வருமே சார், அந்த மாதிரி ஓடுது." அடுத்து, முதல் நாள் நோயுற்ற மாட்டிலிருந்து எடுத்த உடனே ஸ்லைடில் வைத்து நான் பிடித்திருந்த ஃபோன் வீடியோவைக் காட்டினேன். எதுவும் அசையவில்லை. பையன் ஃபோனை ஆட்டிப் பார்த்தான், படம் நின்றுவிட்டதோ என்று.

எங்கள் பாட்டி கழுநீர்த் தொட்டி வைத்திருந்தாரே என்று இந்நேரம் யாராவது கேட்டிருப்பீர்கள். வைத்திருந்தார். அதில் ஒரு வீட்டின் அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, வாழைக்காய்த் தோல். வெளியே பகலெல்லாம் மேய்ந்து வந்த நாட்டு மாடு அதைக் குடித்தது. 500 பேருக்குப் பந்தி போட்ட மண்டபத்தின் மிச்சமும், மேயப் புல்லே இல்லாமல் கட்டிக்கிடக்கும் கலப்பின மாடும் வேறு கணக்கு. பாட்டியை இதில் இழுக்காதீர்கள்.

மாடு வளர்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது. வைக்கோலோ புல்லோ முதலில், தவிடு புண்ணாக்கு பிறகு. உலர்ந்த எடைக் கணக்கில் பாதிக்குக் குறையாமல் நார்த்தீவனம் இருக்க வேண்டும். சென்னையில் வைக்கோல் விற்கிற விலை எனக்கும் தெரியும். ஆனாலும் அதில் மிச்சம் பிடித்தால் பாலில் கொழுப்பு இறங்கும், சாணி இளகும், மாதக் கடைசியில் குளம்பில் வலி வந்து நொண்டும். அதற்கு லாடம் அடிப்பவரைக் கூப்பிடுவீர்கள், அவர் வயிற்றைப் பார்க்க மாட்டார். கன்று போட்டதும் ஒரே நாளில் தீவனத்தை ஏற்றாதீர்கள். இரண்டு மூன்று வாரம் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக. உள்ளே இருக்கிற கூட்டம் புதுத் தீனிக்குப் பழக அவ்வளவு நாள் ஆகும். கோயம்பேட்டிலிருந்து காலிஃபிளவர் தழை மூட்டை வந்தாலும் இதே விதிதான்.

சோறு தின்றுவிட்டது என்று தெரிந்தால் மாடு படுக்கும்வரை காத்திருக்காதீர்கள். பன்னிரண்டு மணி நேரம் ஒன்றுமே தெரியாமல் நிற்கும். நீங்களும் தப்பித்தோம் என்று நினைப்பீர்கள். அந்த நேரத்தில் கூப்பிட்டால் எனக்குப் பாதி வேலைதான். அப்புறம், நாக்கை இழுத்துப் பிடித்து மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்றும் வழக்கத்தை தயவுசெய்து விடுங்கள். மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். போன இரண்டில் ஒன்று நுரையீரலில் எண்ணெய் போய்த்தான் செத்தது, சோற்றால் அல்ல.

மண்டபத்துக்காரர்களுக்கும் சமையல் காண்டிராக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மிச்சத்தை மனிதர்களுக்குக் கொடுங்கள், இல்லையென்றால் உரக்குழிக்கு அனுப்புங்கள். 'மாட்டுக்குக் கொடுத்தால் புண்ணியம்' என்று அன்னக்கூடையோடு ஏற்றிவிடாதீர்கள். தெருவில் போகிற மாட்டுக்குப் போடுகிறவர்கள் ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கிக் கொடுங்கள், வாழைப்பழம் ஒன்று இரண்டோடு நிறுத்துங்கள். சாதத்தைப் பிளாஸ்டிக் கவரோடு முடிச்சுப் போட்டு வீசுகிறவர்களிடம் பேச எனக்குப் பொறுமை இல்லை. 2019-இல் வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஒரே மாட்டின் வயிற்றிலிருந்து 52 கிலோ எடுத்தார்கள், பெரும்பாலும் பிளாஸ்டிக். மாட்டுப் பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் ஊட்டாமல் எப்படி என்றால், ஒரு கைப்பிடி. ஒன்று.

ஆயாவிடம் ஒரு வேலை கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அசைபோடத் தொடங்கினால் ஒரு கவளத்துக்கு எத்தனை முறை மெல்லுகிறது என்று எண்ணிச் சொல்லுங்கள், ஐம்பதைத் தாண்டினால் சந்தோஷம் என்று. இன்று காலை ஆறு மணிக்கு ஃபோன்.

"நாப்பத்திரெண்டு டாக்டர். நேத்து பதினேழுதான் மென்னுச்சு. பேரன் நாப்பத்தஞ்சுங்கிறான், அவன் எண்ணுறது சரியில்ல. நீங்க வந்து ஒரு வாட்டி எண்ணிப் பாருங்க."