210 மெகாவாட் உற்பத்தி பாதிப்பு என்றால் என்ன?

நாளிதழின் உள்பக்கத்தில், மூன்று அங்குல இடத்துக்குள் அடங்கிவிடும் ஒரு செய்தி தமிழ்நாட்டில் அடிக்கடி வெளிவருகிறது: அனல் மின் நிலையத்தின் இத்தனையாவது அலகில், கொதிகலன் குழாயில் ஏற்பட்ட பழுது காரணமாக, 210 மெகாவாட் மின் உற்பத்தி பாதிக்கப்பட்டுள்ளது. அன்று காலையிலேயே உறவினர் எவரேனும் தொலைபேசியில் அழைத்து, "இன்னைக்குக் கரண்ட் போகுமா?" என்று கேட்பது எனக்குப் பழகிவிட்டது. சில ஆண்டுகள் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றிவிட்டு, இப்போது நூற்பாலைகளில் மின்சாரம் எங்கே, எப்படிச் செலவாகிறது என்று ஆராயும் ஆற்றல் தணிக்கை செய்துவரும் எனக்கு, அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல இன்றுவரை முடிந்ததில்லை.

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். அலகு என்பது ஒரு கொதிகலனும், அதன் நீராவியால் சுழலும் டர்பைனும், அதோடு சுழன்று மின்சாரம் தரும் மின்னாக்கியும் சேர்ந்த ஒரு தொகுதி. தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் ஐந்தும், மேட்டூரின் பழைய நிலையத்தில் நான்கும், வடசென்னை முதல் நிலையில் மூன்றும் அமைக்கப்பட்டன. செய்தியில் அந்த எண் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவே காரணம். இப்படியோர் அலகு ஒரு மணி நேரம் முழுத்திறனில் ஓடினால் 2,10,000 யூனிட், ஒரு நாள் முழுவதும் ஓடினால் 50 லட்சம் யூனிட். அதில் 8 முதல் 9 விழுக்காட்டை அந்த நிலையத்தின் பம்புகளும் காற்றாடிகளும் நிலக்கரி அரைக்கும் ஆலைகளுமே தின்றுவிடும். எஞ்சியது, இரண்டு மாதங்களுக்கு 400 யூனிட் செலவிடும் வீடுகள் ஏறத்தாழ 7 லட்சத்துக்குப் போதுமானது.

அந்த 50 லட்சம் யூனிட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 3,500 டன் நிலக்கரி வேண்டும். கிட்டத்தட்ட ஒரு முழுச் சரக்கு ரயில் சுமக்கும் எடை அது. இந்த நிலையங்கள் எரிக்கும் கருநிலக்கரி தமிழ்நாட்டில் வெட்டப்படுவதில்லை. ஒடிசாவின் தால்ச்சேர் சுரங்கங்களில் வெட்டப்படுவது ரயிலில் பாரதீப் துறைமுகம் வந்து, கப்பலேறி, எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் இறங்குகிறது. கடலோரத்தில் இல்லாத மேட்டூருக்கு அது மறுபடியும் ரயில் ஏற வேண்டும். இவ்வளவு தூரம் பயணம் செய்து வருவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சாம்பல் என்பதை நினைத்துப் பார்த்தால், நாம் ஒடிசாவிலிருந்து காசு கொடுத்துச் சாம்பலையும் சேர்த்தே வரவழைக்கிறோம் என்று சொல்வதில் தவறில்லை.

கொதிகலன் குழாயைப் பதம் பார்ப்பதும் அந்தச் சாம்பல்தான். கொதிகலன் என்றதும் பெரிய அண்டா ஒன்றை மனத்தில் கற்பனை செய்துகொள்பவர்கள் பலர். உண்மையில் அது பல மாடி உயரத்துக்குக் குழாய்களாலேயே கட்டப்பட்ட சுவர். சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள அந்தக் குழாய்களுக்கு வெளியே 1,000 டிகிரியைத் தாண்டிய நெருப்பு, உள்ளே காற்றழுத்தத்தைப்போல் 150 மடங்கு அழுத்தத்தில் தண்ணீரும் நீராவியும். 540 டிகிரியில் வெளியேறும் அந்த நீராவிதான் டர்பைனை நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழற்றுகிறது. புகையோடு பறக்கும் சாம்பல் துகள்கள் குழாயின் மேற்பரப்பை உப்புத்தாள் தேய்ப்பதுபோல் ஆண்டுக்கணக்கில் தேய்த்து, ஏதோ ஓர் இடத்தில் ஊசித்துளை அளவுக்கு ஓட்டை போட்டுவிடும். அந்த ஓட்டையிலிருந்து பீறிடும் நீராவி கத்தியைப்போல் பக்கத்துக் குழாயை அறுக்கும். அது அதற்கடுத்ததை அறுக்கும். ஆறு மணி நேரம் தாமதித்தால் ஒரு குழாய்க்குப் பதிலாகப் பத்துக் குழாய்களை மாற்ற வேண்டியிருக்கும்.

கட்டுப்பாட்டறையில் இருப்பவருக்கு இது முதலில் ஓர் இரைச்சலாகவும், வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறதே என்ற சந்தேகமாகவும்தான் தெரியவரும். உடனே அலகை நிறுத்துவதா, மாலை நேரத் தேவை கடந்த பிறகு இரவு பதினொரு மணிக்கு நிறுத்துவதா என்ற விவாதம் தொடங்கும். பராமரிப்புப் பிரிவினர் நாங்கள் எப்போதும் உடனே நிறுத்தச் சொல்வோம். எந்த நிலையம் எப்போது எவ்வளவு உற்பத்தி செய்ய வேண்டும் என்று சொல்லும், சென்னையிலுள்ள மின்சுமைப் பகிர்வு மையத்தினர் எப்போதும் இரவு வரை தாங்குமா என்று கேட்பார்கள். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. அந்த நியாயம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கடிகாரம்தான் முடிவு செய்யும். நிறுத்திய பிறகு, ஆள் உள்ளே நுழையுமளவுக்குக் கொதிகலன் ஆறுவதற்கே ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். பிறகு பழுதான பகுதியை வெட்டி, புதிய துண்டை வைத்துப் பற்றவைத்து, ஊடுகதிர்ப் படமெடுத்து, நீரழுத்தச் சோதனை செய்து, எண்ணெய் எரித்து மெல்ல மெல்லச் சூடேற்றி, மறுபடியும் மின்கட்டமைப்போடு இணைக்கும்போது மூன்று நாட்கள் ஓடியிருக்கும். செய்தியில் வரும் ஒற்றை வரி அந்த மூன்று நாட்களின் சுருக்கம்.

இனி, கரண்ட் போகுமா என்ற கேள்வி. இந்திய மின்கட்டமைப்பு முழுவதும் நொடிக்கு 50 சுழற்சி என்ற ஒரே தாளத்தில் ஓடுகிறது. ஓர் அலகு திடீரென்று விலகினால் அந்தத் தாளம் இம்மியளவு குறையும். அதை உணர்ந்து மற்ற நிலையங்களின் டர்பைன்கள் தாமாகவே சற்றுக் கூடுதலாக நீராவியை உள்ளே விடும். 2013 டிசம்பர் 31 அன்று தென்மண்டலக் கட்டமைப்பு ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்பாதை வழியாக நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒத்திசைவாக இணைக்கப்பட்ட பிறகு, 210 மெகாவாட் இழப்பு என்பது பெரிய ஏரியில் ஒரு குடம் தண்ணீர் குறைந்ததுபோல்தான். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் கோவையிலும் மதுரையிலும் பல மணி நேர மின்வெட்டை அனுபவித்தவர்களுக்கு நான் சொல்வது நம்பும்படி இல்லாதிருக்கலாம். அன்று உற்பத்தியும் போதவில்லை. வடக்கே மின்சாரம் விலைக்குக் கிடைத்தாலும் அதைக் கொண்டுவரப் போதிய பாதையும் இல்லை.

ஆகவே, அந்தச் செய்தியால் உங்கள் வீட்டு விளக்கு அணைவது அரிது. ஆனால் அது எந்த மாதத்தில், எந்த நேரத்தில் நிகழ்ந்தது என்பதைப் பொறுத்து, இழந்த மின்சாரத்தை ஈடுகட்ட ஆகும் செலவு பல மடங்கு மாறும். செய்தியில் இடம்பெறாத செய்தி இதுவே.

நண்பகல் பன்னிரண்டு மணியை எடுத்துக்கொள்வோம். ஒரே இடத்தில் 648 மெகாவாட் திறனுள்ள கமுதி சூரிய மின் நிலையம் 2016இல் இயங்கத் தொடங்கியது; அதற்குப் பிறகு தென்மாவட்டங்களெங்கும் சூரியத் தகடுகள் பெருகிவிட்டன. அந்த வேளையில் அனல் அலகுகளின் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லியே உத்தரவு வரும். மாலை ஆறரைக்குச் சூரியன் முழுவதுமாக விடைபெறும்போது, வீடுகளில் விளக்கும் குளிர்சாதனமும் தொலைக்காட்சியும் ஒன்றாக உயிர்பெறுகின்றன. நிலக்கரி அலகு பிடிவாதமான மாடு; நினைத்த நேரத்தில் நினைத்த வேகத்துக்கு வராது. ஓரளவுக்குக் கீழே குறைத்தால் நெருப்பே நிலையாக நிற்காது. அணு உலைகளும் அப்படியே. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் ஒரே சீராக ஓடுவதுதான் அவற்றுக்கு அழகு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி சுரங்கத்திலிருந்து கன்வேயர் பட்டையில் நேராகவே வந்துவிடுகிறது; ஆயினும் எடையில் ஏறத்தாழ பாதி ஈரமாக இருக்கும் அதை எரிக்கும் கொதிகலனும் அவசரத்துக்கு உதவுவதில்லை.

அவசரத்துக்கு உதவுவது தண்ணீர். 1932இல் பைக்காராவில் தொடங்கி, குந்தா, பெரியாறு, பாபநாசம் என்று சுமார் 2,300 மெகாவாட் அளவுக்கு நீர்மின் நிலையங்கள் நம்மிடம் உள்ளன. பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்திராவிட்டால் இன்று நான் தணிக்கைக்குச் செல்லும் ஆலைகளில் பாதி பிறந்தே இருக்காது. மதகைத் திறந்த சில நிமிடங்களில் முழு உற்பத்திக்கு வந்துவிடும் இந்த நிலையங்களை மாலை நேரத்துக்கென்றே சேமித்துவைக்கிறார்கள். ஆனைமலையில் உள்ள காடம்பாறை இன்னும் ஒரு படி மேல். அதன் நான்கு 100 மெகாவாட் இயந்திரங்கள், மின்சாரம் மிஞ்சியிருக்கும் நேரத்தில் மேல் ஆழியாறு அணையின் நீரை மலைமேல் ஏற்றி, பற்றாக்குறை நேரத்தில் அதையே இறக்கி மின்சாரம் எடுக்கின்றன. இவ்வகை நிலையங்களில் பொதுவாக நான்கு யூனிட் செலவழித்தால் மூன்று யூனிட்தான் திரும்பக் கிடைக்கும். அந்த நட்டத்தை அறிந்தே ஏற்கிறார்கள் என்றால், மாலை நேர யூனிட்டின் மதிப்பு எவ்வளவு என்பதை ஊகித்துக்கொள்ளலாம். மேட்டூர் அணையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது; அங்கே தண்ணீர் பாசனத்துக்காகத் திறக்கப்படுகிறது, மின்சாரம் அதன் பின்னால்தான் வரும்.

காற்றின் கதை வேறு. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்கள் வழியாக வீசும் தென்மேற்குக் காற்று, இரவு பகல் பாராமல் பல ஆயிரம் மெகாவாட்டைக் கொண்டுவந்து கொட்டும். அந்தப் பருவத்தில் அனல் அலகுகளையே பராமரிப்புக்காக நிறுத்திவைப்பார்கள். ஜூலை மாத நள்ளிரவில் 210 மெகாவாட் அலகு ஒன்று நின்றால் யாருக்கும் வலிக்காது. அதே அலகு, காற்று தொடங்காத, வெயில் கொளுத்தும் ஏப்ரல் கடைசி வாரத்தில் மாலை ஏழு மணிக்கு நின்றால், மின்சந்தையில் அந்த நேரத்துக்கு என்ன விலையோ அதைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். 2024 மே 2 அன்று மாநிலத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது அத்தகைய கோடையில்தான்.

இங்கே இன்னொரு தவறான எண்ணத்தையும் திருத்திக்கொள்ள வேண்டும். நாம் "ஈபி" என்று அழைப்பது எல்லா மின்சாரத்தையும் தானே உற்பத்தி செய்யும் நிறுவனம் அன்று. 1957இல் உருவான மின்வாரியம் 2010இல் பிரிக்கப்பட்டது; 2024இல் உற்பத்தி, பகிர்மானம், பசுமை எரிசக்தி என்று மறுபடியும் தனித்தனிக் கழகங்களானது. நெய்வேலி மத்திய அரசு நிறுவனமான என்எல்சியுடையது, கூடங்குளமும் கல்பாக்கமும் இந்திய அணுமின் கழகத்தினுடையவை, 1,500 மெகாவாட் வல்லூர் நிலையம் மத்திய அரசின் மின் உற்பத்தி நிறுவனமான என்டிபிசியும் மாநில நிறுவனமும் சேர்ந்து நடத்துவது, காற்றாலைகளில் பெரும்பாலானவை தனியாருடையவை. உங்களுக்கு மின்கட்டணப் பட்டியல் அனுப்பும் கழகம், இத்தனை பேரிடமும் வெவ்வேறு விலைக்கு வாங்கி விநியோகிக்கிறது.

நேரத்துக்கு நேரம் மின்சாரத்தின் மதிப்பு மாறுவது ஆலைகளுக்கு ஏட்டுச் செய்தி அன்று. உயரழுத்த மின் இணைப்பு பெற்ற தொழிற்சாலைகள் காலை, மாலை உச்ச நேரங்களில் செலவிடும் யூனிட்டுக்கு 25 விழுக்காடு கூடுதல் கட்டணம் செலுத்துகின்றன. பின்னிரவுப் பயன்பாட்டுக்குத் தள்ளுபடி உண்டு. நான் தணிக்கை செய்த நூற்பாலை ஒன்றில் இயந்திரம் எதையும் மாற்றவில்லை. கிணற்று நீரேற்றுதல், கழிவுப் பஞ்சுக் கட்டு போடுதல், மின்கல வண்டிகளுக்கு மின்னேற்றுதல் ஆகிய மூன்றையும் மாலை நேரத்திலிருந்து விலக்கினோம். அடுத்த மாதப் பட்டியலிலேயே வித்தியாசம் தெரிந்தது. முதலாளியைவிட வியப்படைந்தவர், பல ஆண்டுகளாக மாலை ஆறு மணிக்கே மோட்டாரைப் போட்டுப் பழகிய எலக்ட்ரீஷியன்தான்.

வீட்டு இணைப்புக்கான கட்டணம் இன்று நேரத்தைப் பார்ப்பதில்லை. எங்கள் அடுக்ககத்தில் மேல்நிலைத் தொட்டி மோட்டாரையும் மின்சார ஸ்கூட்டர்களுக்கான மின்னேற்றத்தையும் நண்பகலுக்கு மாற்றலாம் என்று நான் சொன்னபோது, "அதனால நமக்கு எவ்வளவு குறையும் சார்?" என்று செயலாளர் கேட்டார். ஒரு பைசாவும் குறையாது என்று உண்மையைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, பதினொரு மணிக்குக் காவலாளி சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார், அப்போதே மோட்டாரைப் போடச் சொல்லிவிடலாம் என்றார்.