பானைக்குள் இன்சுலின்

இன்சுலின் பெட்டியில் "2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்கவும்" என்று அச்சிட்டிருக்கும். சோளகம் வீசும் மாதங்களில் வன்னியில் நிழலிலேயே 34, 35 பாகை வெக்கை. தகரக் கூரைக்குக் கீழே அதற்கும் மேல். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் இந்த வரியை வாசிக்கிறவர் ஒன்றில் பயந்து ஊசியே வேண்டாம் என்கிறார், இல்லையென்றால் வரியை மறந்துவிட்டுப் போத்தலைச் சாமித்தட்டில் வைக்கிறார். போத்தலுக்குள் இருப்பது என்ன, அது எதனால் கெடுகிறது என்று தெரிந்துகொண்டால் இந்த இரண்டுக்கும் அவசியம் வராது.

இன்சுலின் ஒரு பெப்டைட்டு: 51 அமினோ அமிலங்கள், 21 கொண்ட ஒரு சங்கிலியும் 30 கொண்ட இன்னொரு சங்கிலியுமாக, கந்தகப் பாலங்களால் கோக்கப்பட்டிருக்கும். இந்த வரிசையைக் கண்டறிந்ததற்காகத்தான் பிரெட்ரிக் சாங்கருக்கு 1958இல் நோபல் பரிசு கிடைத்தது. வயிற்றிலுள்ள நொதியங்களுக்கு இதுவும் மீன்துண்டும் ஒன்றே. விழுங்கினால் வெட்டிச் சமித்துவிடும். அதனால்தான் குளிசையாக விழுங்காமல் ஊசியாகப் போடுகிறோம்.

சங்கிலி முழுதாக இருந்தால் மட்டும் போதாது, அது சரியாக மடிந்தும் இருக்கவேண்டும். பனையோலைப் பெட்டியின் பின்னல் அவிழ்ந்தால் ஓலை அப்படியே இருக்கும், ஆனால் அதில் மா அள்ள முடியாது. வெப்பமும் குலுக்கலும் இன்சுலினின் மடிப்பை அவிழ்க்கின்றன. அவிழ்ந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நூல்நூலாகத் திரளும், அந்தத் திரள் மற்றவற்றையும் இழுக்கும். நீரும் காற்றும் சந்திக்கும் பரப்பில் இது விரைவாக நடக்கிறது. போத்தலைக் குலுக்கி நுரை வரவைப்பது அந்தப் பரப்பைப் பலமடங்கு பெருக்கும் வேலை. கிளினிக்கில் தாதி "குலுக்காதேங்கோ, உருட்டுங்கோ" என்று சொல்வது இதற்காகத்தான்.

குளிர் பாதுகாக்கும், உறைதல் கெடுக்கும். மிக்ஸ்டார்ட் போன்ற பால்நிற மருந்தில் மிதப்பவை இன்சுலினும் புரோட்டமீன் என்ற இன்னொரு புரதமும் சேர்ந்த நுண்பளிங்குகள். உறைந்தால் அவை கட்டிபட்டுவிடும். உருகியபின் பார்வைக்குப் பழையபடி இருந்தாலும் சிறிஞ்சுக்குள் ஏறும் அளவு ஒருநாளைக்கு ஒருமாதிரி இருக்கும். பிரிட்ஜ் இருக்கிறவர்கள் ஐஸ் பெட்டிக்கு அடுத்த தட்டில் வைக்கவேண்டாம், கீழே மரக்கறித் தட்டில் வையுங்கள். மின்சாரம் போனால் கதவைத் திறந்து திறந்து பார்க்காமல் விட்டாலே உள்ளே சில மணித்தியாலம் குளிர் நிற்கும்.

பிரிட்ஜ் இல்லாதவர்களுக்கு மண்பானை. பெரிய பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஆற்றுமணல், மணல் நனைய நீர், மேலே ஈரத்துணி. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 யூல் வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து உறிஞ்சிக்கொண்டு போகிறது, அந்த வெப்பம் உள்பானையிலிருந்தும் கழிகிறது. வன்னியின் காலநிலை இங்கே கைகொடுக்கிறது. வெயில் கடுமையாக இருக்கும் சோளகக் காலத்தில் காற்று உலர்ந்திருக்கும், அப்போது பானை நன்றாக வேலை செய்யும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் காற்று ஈரமாக இருப்பதால் பானை சோம்பிவிடும், ஆனால் வெளியிலும் அவ்வளவு வெக்கை இல்லை. பானைக்குப் பெயின்ரோ மெருகோ பூசியிருக்கக்கூடாது. நிழலில், காற்றுப் படும் இடத்தில், அடுப்படிக்குத் தள்ளி வையுங்கள். காலையும் மாலையும் மணலுக்கு நீர் ஊற்றவேண்டும். கிணற்றுநீரில் சுண்ணாம்பு அதிகமான இடங்களில் பானையின் நுண்துளைகள் மெல்ல அடைபடும். வெளிச்சுவரில் வெள்ளைப் படிவு கண்டால் தும்பால் உரசிக் கழுவுங்கள், போகாவிட்டால் பானையை மாற்றுங்கள். போத்தலை ஒரு பிளாஸ்ரிக் டப்பாவில் மூடி உள்ளே இறக்கினால் லேபிளும் ரப்பர் மூடியும் நனையாது.

பானை 8 பாகைக்கு இறக்காது, அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். கென்யாவின் டகஹலே அகதி முகாமில் வீடுகளுக்குள் அளந்த வெப்பநிலையை ஆய்வுகூடத்தில் அப்படியே உருவாக்கி, 25க்கும் 37க்கும் இடையே ஏறி இறங்கும் சூட்டில் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் இன்சுலினை நான்கு வாரம் வைத்துப் பார்த்தன. 2021இல் வெளியான முடிவின்படி, குளிரில் வைத்ததோடு ஒப்பிடும் அளவுக்கு அதன் வீரியம் நின்றது. ஆகவே திறந்து பாவிக்கும் போத்தலுக்குப் பானை தாராளம். இன்னும் திறக்காத, மாதக்கணக்கில் இருக்கவேண்டிய போத்தல்களைப் பிரிட்ஜ் உள்ள அயல்வீட்டில் கொடுத்து வைப்பது நல்லது.

மோட்டார்சைக்கிள் சீற்றுக்குக் கீழுள்ள பெட்டியில் மட்டும் வைத்துவிடாதீர்கள். ஏ9 வீதியில் வெயிலில் நிறுத்திய வண்டியின் சீற்றுக்குக் கீழே கைவைத்துப் பார்த்தவருக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. ஐஸ் கட்டியோடு கொண்டுபோனாலும் இடையில் துவாய் ஒரு சுற்று இருக்கட்டும், கட்டி போத்தலில் முட்டக்கூடாது.

திறந்த நாளைப் போத்தலில் மாக்கர் பேனாவால் எழுதுங்கள். 10 மில்லிலீற்றர் போத்தலில் 1,000 யுனிட் இருக்கிறது. காலை 20, மாலை 10 போடுகிறவருக்கு அது 33 நாள் வரும், நாளுக்கு 12 மட்டும் போடுகிறவருக்கு 83 நாள். நம் வெக்கைக்கு நான்கு வாரத்துக்கு மேல் ஒரே போத்தலைக் குத்திக்கொண்டிருக்கக்கூடாது, மிச்சம் இருந்தாலும். கொட்ட மனம் வராது என்பது தெரியும். ஆனால் தெளிந்த இன்சுலின் கலங்கினாலோ, போத்தல் சுவரில் பனி பிடித்ததுபோல வெள்ளை படிந்தாலோ, பால்நிற மருந்து உருட்டியபின்னும் கட்டியாக நின்றாலோ அது முடிந்த கதை. கண்ணுக்குத் தெரியாமலும் வீரியம் குறையலாம். சாப்பாடும் யுனிட்டும் மாறாமல் சீனி மட்டும் ஏறிக்கொண்டே போனால் முதலில் புதுப் போத்தலைத் திறந்து பாருங்கள்.

அடுத்தது கணக்கு. பிழைத்தால் உயிருக்கு ஆபத்தான இடம் இதுதான். இங்கே இலங்கையில் வழக்கத்தில் உள்ள இன்சுலின் மில்லிலீற்றருக்கு 100 யுனிட். தமிழ்நாட்டில் போத்தல் மருந்து பெரும்பாலும் 40 யுனிட், அதற்கென்றே தனிச் சிறிஞ்சும் உண்டு. இந்தியாவிலிருந்து திரும்பியவர்களின் வீடுகளிலும், திருச்சிக்கு வைத்தியத்துக்குப் போய்வந்தவர்களின் பைகளிலும் இரண்டும் கலந்து கிடக்கும். 100இன் மருந்தை 40இன் சிறிஞ்சில் "20" என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 50 யுனிட், இரண்டரை மடங்கு. மறுவளமாக 40இன் மருந்தை 100இன் சிறிஞ்சில் 20 கோடுவரை இழுத்தால் கிடைப்பது 8 யுனிட் மட்டும். போத்தலிலும் சிறிஞ்சிலும் ஒரே எண் இருக்கவேண்டும், இல்லையென்றால் குத்தக்கூடாது. இன்னொன்று: 100இன் சிறிஞ்சுகளில், ஒரு மில்லிலீற்றர் சிறிஞ்சில் பொதுவாக ஒரு கோடு 2 யுனிட், அரை மில்லிலீற்றர் சிறிஞ்சில் ஒரு கோடு 1 யுனிட். 15, 17 என்று ஒற்றை எண்ணில் போடுகிறவர் அரை மில்லிலீற்றரைக் கேட்டு வாங்குவது நல்லது.

இழுக்கும் முறை: கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பால்நிற மருந்தென்றால் உள்ளங்கைகளுக்கிடையே பத்துத்தரம் உருட்டி, பத்துத்தரம் தலைகீழாகத் திருப்புங்கள். அடியில் வெள்ளை வண்டல் தெரியக்கூடாது. ரப்பர் மூடியை ஸ்பிரிற்றால் துடைத்துக் காயவிடுங்கள். எத்தனை யுனிட் வேண்டுமோ அத்தனை யுனிட் காற்றைச் சிறிஞ்சில் இழுத்துப் போத்தலுக்குள் விடவேண்டும். விடாவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, போகப்போக மருந்து வர மறுக்கும், குமிழ்களும் கூடும். பிறகு போத்தலைக் கவிழ்த்து, ஊசிமுனை மருந்துக்குள் இருக்க, மெதுவாக இழுங்கள். குமிழ் நின்றால் விரலால் தட்டி மேலே ஏற்றித் திரும்பப் போத்தலுக்குள்ளேயே தள்ளுங்கள். தோலுக்குக் கீழே போகும் சின்னக் குமிழ் ஆபத்தில்லை. அது மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் அளவு குறைகிறது என்பதே சிக்கல்.

தெளிந்ததையும் பால்நிறத்ததையும் ஒரே சிறிஞ்சில் கலக்கச் சொன்னால், இரண்டுக்கும் காற்றை விட்டபின் தெளிந்ததை முதலில் இழுங்கள். மாறிச் செய்தால் புரோட்டமீன் தெளிந்த போத்தலுக்குள் புகுந்து, விரைவாக வேலை செய்யவேண்டிய மருந்தையும் மந்தமாக்கிவிடும்.

குத்துகிற இடம் தோலுக்கும் தசைக்கும் இடையிலுள்ள கொழுப்பு இழையம். தோலின் தடிப்பு மெலிந்தவருக்கும் பருத்தவருக்கும் ஏறத்தாழ ஒன்றே, 2 மில்லிமீற்றர் அளவில். வேறுபடுவது அதற்குக் கீழுள்ள கொழுப்பு. பேனா வடிவ இன்சுலின் கருவியில் மாட்டும் 4 மில்லிமீற்றர் ஊசியை நேராகவே குத்தலாம். போரில் ஒரு கையை இழந்தவர் தோலைக் கிள்ளிப் பிடிக்கத் தேவையில்லாமல் தனக்குத் தானே போட்டுக்கொள்ள இந்தக் குட்டி ஊசிதான் வழி. சிறிஞ்சில் வரும் 8 மில்லிமீற்றர் ஊசி மெலிந்த உடம்பில் தசைக்குள் இறங்கிவிடும். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தோலைத் தூக்கிப் பிடித்து, மெலிந்தவர் 45 பாகை சரிவில் குத்தவேண்டும். தள்ளியபின் பத்து எண்ணும்வரை ஊசியை எடுக்காதீர்கள், எடுத்தபின் தேய்க்கவும் வேண்டாம்.

உள்ளே போன மருந்து உடனே இரத்தத்தில் சேர்வதில்லை. போத்தலில் ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் நாகம் (சிங்க்) என்ற உலோகத்தின் இரண்டு அயன்களைச் சுற்றிக் கைகோத்து நிற்கின்றன. கொழுப்பு இழையத்தில் மருந்து ஐதாகும்போது கூட்டம் இரண்டிரண்டாகவும் பிறகு ஒவ்வொன்றாகவும் பிரியும். தனித்த மூலக்கூறுகள்தான் மயிர்த்துளைக் குழாயின் சுவரை இலகுவாகத் தாண்டும். சாதாரணத் தெளிந்த இன்சுலினுக்கு இதற்கு ஏறத்தாழ அரை மணித்தியாலம் தேவை. மிக்ஸ்டார்ட் 30/70இல் 30 பங்கு இப்படிப்பட்டது, 70 பங்கு புரோட்டமீனில் கட்டுண்டு மெதுவாக அவிழ்வது. சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னர் போடச் சொல்வதன் காரணம் அதுவே. அரை மணித்தியாலம் என்பது "போட்டுவிட்டு வயலை ஒருக்காப் பார்த்துவிட்டு வாறன்" என்று புறப்படுவதற்கான நேரம் அல்ல. பிட்டு அவிந்துகொண்டிருக்கும்போது ஊசி போடுவதே பாதுகாப்பான ஒழுங்கு.

இரத்த ஓட்டம் கூடினால் உறிஞ்சலும் கூடும். வயிற்றில் வேகமாகவும் தொடையில் மெதுவாகவும் ஏறும். ஆனால் தொடையில் குத்திவிட்டு வயலில் அருவி வெட்டப் போனால் அந்தக் கணக்கு மாறிவிடும். வேலை செய்யும் தசை சீனியையும் இழுக்கும், சூடான தோல் மருந்தையும் விரைவாக உள்ளே விடும். கடும் வேலை நாளில் வயிற்றில் போடுங்கள், தொப்புளிலிருந்து இரண்டு மூன்று விரலகலம் தள்ளி. அன்றிரவையும் கவனியுங்கள். மாலை மருந்தின் மெதுவான பங்கு நள்ளிரவைத் தாண்டி உச்சத்துக்கு வருகிற வேளையில், களைத்த தசைகள் இன்னும் சீனியை இழுத்துக்கொண்டிருக்கும்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் அங்கே கொழுப்பு திரண்டு மெத்தென்று கட்டியாகும், ஏனென்றால் இன்சுலின் கொழுப்புக் கலங்களை வளர்க்கும். கட்டியில் நோவு குறைவு, ஆகவே கை தானாக அங்கேயே போகும். ஆனால் அங்கிருந்து மருந்து ஒழுங்காக ஏறாது. வயிற்றை நாலாகப் பிரித்து வாரத்துக்கு ஒரு பகுதியாக, ஒவ்வொரு குத்துக்கும் ஒரு விரலகலம் தள்ளிப் போடுங்கள். கட்டியைவிட்டு நல்ல தோலுக்கு மாறும்போது அதே யுனிட் திடீரென வலுவாக வேலை செய்யும், எனவே வைத்தியரிடம் சொல்லி அளவைக் குறைக்கவேண்டிவரலாம்.

இரத்தச் சீனி டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் வியர்வை, கைநடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, பசி, காரணமில்லாத கோபம் வரும். பின்னேரம் தெருவில் தள்ளாடுகிறவரைக் குடித்திருக்கிறார் என்று விலகிப் போகிற ஊரில் இதை வீட்டார் மட்டுமல்ல, அயலாரும் தெரிந்திருக்கவேண்டும். மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் குடிக்கவேண்டும், அல்லது அரைக் கிளாஸ் இனிப்புச் சோடா. பனங்கட்டியும் வேலை செய்யும், நன்றாகக் கடித்து மென்றால். சொக்லேற், பிஸ்கற் வேண்டாம், கொழுப்புச் சேர்ந்தது மெதுவாகத்தான் ஏறும். 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொருமுறை அதே அளவு. பிறகு ஒரு நேரச் சாப்பாடு. மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போகும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990 அம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள். கந்தசஷ்டி விரதமோ நோன்போ பிடிப்பவர்கள் தொடங்குமுன்பே கிளினிக்கில் கேட்டு அளவை மாற்றிக்கொள்ளவேண்டும். பெரும்பாலும் சிறுவயதில் தொடங்கும் முதலாம் வகை நீரிழிவுக்காரர், காய்ச்சலில் சாப்பிட முடியாவிட்டாலும் இன்சுலினை முற்றாக நிறுத்தக்கூடாது.

இப்போது வாரத்துக்கு ஒருமுறை போடும் செமாகுளூடைட் போன்ற பெப்டைட்டுகளும் வருகின்றன. குடல் சுரக்கும் ஓர் ஓமோனின் போலி அது. இயற்கையான ஓமோன் இரத்தத்தில் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். இதில் ஒரு கொழுப்பமிலச் சங்கிலியைப் பொருத்தி இரத்தப் புரதமான அல்புமினோடு ஒட்டவைத்திருப்பதால் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் எடுக்கும். அளவு பிழைத்தால் ஓங்காளமும் வாந்தியும் நாள்கணக்கில் நிற்கும் என்பதே இதன் மறுபக்கம். உடம்பு மெலிய என்று முகநூலில் விற்கும் பெப்டைட்டுப் பொடிகள் வேறு சங்கதி. உள்ளே என்ன, எவ்வளவு, கிருமி இல்லையா என்பதற்கு எவரும் பொறுப்பில்லை. நீர் கலந்து யுனிட்டாக மாற்றும் கணக்கையும் வாங்குகிறவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். அதைத் தொடாதீர்கள்.

ஊசியை மற்றவரோடு பகிர்ந்தால் ஈரலழற்சியும் எச்ஐவியும் பரவும். பேனாவின் ஊசியை மாற்றினாலும் பேனா ஒருவருக்கு மட்டுமே, பின்னோக்கி இரத்தம் ஏறியிருக்கலாம். ஒருமுறை குத்திய முனையில் வழுக்கும் சிலிக்கோன் பூச்சு தேய்ந்து, நுனியும் வளையத் தொடங்கும், அடுத்த குத்து கூடுதலாக நோகும். பாவித்ததைத் திரும்ப மூட முயலாமல் தடித்த பிளாஸ்ரிக் போத்தலொன்றில் போடுங்கள், ஷாம்பூப் போத்தல் நல்லது, தண்ணீர்ப் போத்தல் மெல்லியது. வேலிக்கரைப் பற்றைக்குள் எறிந்தால் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைக்கும் மேயும் மாட்டுக்கும் குத்தும். குப்பையோடு எரித்தால் பிளாஸ்ரிக் மட்டும் போகும், கம்பி சாம்பலில் கிடக்கும். முக்கால் நிரம்பியதும் மூடியை இறுக்கி ரேப் சுற்றி, அடுத்த கிளினிக் நாளில் கொப்பியோடு கொண்டுபோய்த் தாதியிடம் கொடுத்துவிடுங்கள்.