போகிக்கு முந்தின வாரம்

போகி நெருங்கினால் என் மனநல கிளினிக்குக்கு ஒரு போனாவது இப்படி வரும். "டாக்டர், அம்மா ஊருக்குப் போயிருக்காங்க. அதுக்குள்ள அவங்க சேர்த்து வெச்ச பழைய சாமானையெல்லாம் காலி பண்ணிடட்டுமா?" வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கேட்காமலே செய்துவிட்டு வந்தார் ஒரு மகன். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அம்மா ஓய்வு பெற்ற ஆசிரியை. கட்டிலில் பாதி துணிமூட்டை. மீதிப் பாதியில் ஒருக்களித்துத்தான் படுப்பார். சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்திலேயே பழைய பேப்பர் கட்டு. மகன் இரண்டு குட்டியானை நிறைய ஏற்றி அனுப்பினார். திரும்பி வந்த அம்மா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எட்டே மாதத்தில் ஹால் மறுபடி நிறைந்தது. இந்தத் தடவை அறைக்குப் பூட்டும் வந்துவிட்டது.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று வளர்ந்தவர்கள் நாம். பரணில் ஹார்லிக்ஸ் பாட்டில் இல்லாத வீடு எது? அதெல்லாம் நோயில்லை. தபால்தலை சேர்ப்பவர் வருகிறவர்களையெல்லாம் உட்காரவைத்து ஆல்பத்தைக் காட்டுவார். நான் சொல்கிறவர்களோ காலிங்பெல் அடித்தால் கதவைப் பாதி திறந்து வாசலிலேயே பேசி அனுப்பிவிடுவார்கள். படுக்கவும் சமைக்கவும் இடமில்லாமல் போய், அப்போதும் ஒன்றைக்கூட விட முடியாமல் தவித்தால் அது 'ஹோர்டிங் டிஸார்டர்'. முன்பு இதை ஓசிடியின், அதாவது ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து படுத்தும் நோயின், ஒரு முகமாகத்தான் பார்த்தோம். மனநோய்களை வகைப்படுத்தும், 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 கையேடு இதைத் தனிக் கோளாறாகப் பிரித்தது. பெரும்பாலும் பதின்வயதிலேயே லேசாகத் தொடங்கிவிடும். வீட்டை அடைக்கும் அளவுக்கு வளரப் பல வருடங்கள் ஆவதால் நம் கண்ணில் படுவது வயதானவர்கள்தான். ஒரே குடும்பத்தில் பலருக்கு இருப்பதும் உண்டு.

சோம்பேறித்தனம் என்று உறவினர்கள் நினைக்கிறார்கள். அந்த ஆசிரியையை ஒரே ஒரு பையை வீட்டிலிருந்து எடுத்துவரச் சொன்னேன். முதலில் வெளியே வந்தது ஒரு பழைய மாணவியின் கல்யாணப் பத்திரிகை. அதை வைப்பதா விடுவதா என்று முடிவெடுக்க இருபது நிமிடம். கடைசியில், "இதைப் போட்டா அந்தப் பொண்ணையே தூக்கிப் போட்ட மாதிரி இருக்கு டாக்டர்" என்றார். வேர்த்துவிட்டது அவருக்கு. என் மேஜையில் கிடந்த மருந்துக் கம்பெனி நோட்டீஸ்களைக் கொடுத்துப் பார்த்தேன். நொடியில் கிழித்துப் போட்டார்!

இது வெறும் பிடிவாதமில்லை. 2012-இல் வெளியான ஒரு மூளை ஸ்கேன் ஆய்விலும் இதே வித்தியாசம் தெரிந்தது. தங்கள் சொந்தப் பொருளை விடுவதா என்று யோசிக்கும்போது இவர்களுக்கு மூளையின் சில பகுதிகள் அளவுக்கு மீறி வேலை செய்தன. அடுத்தவர் பொருளென்றால் அதே பகுதிகள் மற்றவர்களைவிட அடங்கியே இருந்தன.

அதனால் சிகிச்சை என்பது முடிவெடுக்கப் பழக்குவதுதான். அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்போம். மெதுவாகத்தான் நகரும். கூடவே மனச்சோர்வோ பதற்றமோ இருந்தால் அதற்கு மாத்திரை உதவும், ஆனால் வீட்டைக் காலி செய்யும் மாத்திரை கிடையாது. வீட்டில் இருப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது அடுப்பைச் சுற்றியும் நடக்கும் வழியிலும் இடம் விடுவதைத்தான். அதையும் அவரிடம் சொல்லி, அவர் கையாலேயே. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழைக்கலாம். கட்டணமில்லை.

அந்த அம்மா இப்போது கட்டிலில் நிமிர்ந்து படுக்கிறார். பேப்பர் கட்டுகளை அவரே பேரம் பேசி எடைக்குப் போட்டார். கல்யாணப் பத்திரிகை இருந்த பை மட்டும் அப்படியே இருக்கிறது. அதை நாங்கள் இன்னும் தொடவில்லை.