பூட்டிய பீரோவில் பூஞ்சைதான் படிக்கிறது: கடலோரப் பள்ளி நூலகங்களுக்குச் சில குறிப்புகள்

ராமநாதபுரம் மாவட்டக் கரையில் தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, வாலிநோக்கம் வரை கடலை ஒட்டிய தனியார் பள்ளிகள் பலவற்றில் நூலகம் என்பது ஒரு இரும்பு பீரோதான். கண்ணாடிக் கதவு, பூட்டு, சாவி ஒருவரிடம். மறைமாவட்டமோ திருச்சபையோ நடத்தும் பள்ளிகளில் பீரோக்கள் கூடுதலாக இருக்கும். புத்தகமும் நிறைய இருக்கும். புத்தகம் தொலையக் கூடாது என்றுதான் பூட்டு. ஆனால் இந்தக் கரையில் பிள்ளைகள் தொலைக்கும் புத்தகத்தைவிட ஈரம் தின்னும் புத்தகம் அதிகம்.

காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி, காற்றும் அசையாமல் நின்றால் தாளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். நம் கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி அந்த அளவை ஒட்டியோ தாண்டியோதான் போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் சொல்லவே வேண்டாம். மூடிய பீரோவில் தாள் உறிஞ்சிய ஈரம் வெளியேற வழியில்லை. இரவில் தகடு குளிர்ந்தால் உட்புறம் வியர்க்கும். ராமபாணப் பூச்சியும் இதே ஈரத்தைத் தேடித்தான் வருகிறது. புத்தக முதுகில் தடவிய பசை அதற்குத் தீனி. வாரம் ஒருமுறை கை மாறும் புத்தகத்தில் பக்கங்கள் விரியும், காற்றுப் படும், கறை விழுந்தால் யார் கண்ணிலாவது படும். ஆகவே இங்கே இரவல் கொடுப்பதும் ஒரு பராமரிப்பு வேலைதான்.

அப்படியிருந்தும் பூட்டு ஏன்? இருப்புச் சரிபார்ப்பில் குறைந்தால் பொறுப்பாசிரியர் கையிலிருந்து கட்ட வேண்டிவரும் என்ற பயம். இந்தப் பயத்தை நிர்வாகம்தான் போக்க வேண்டும். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 215, இரவல் கொடுத்தோ பார்வையிடவோ எடுத்த ஆயிரம் நூலுக்கு ஆண்டுக்கு ஐந்து நூல் இழப்பை இயல்பானதாக ஏற்கிறது. அலட்சியமோ நேர்மைக் குறைவோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்கச் சொல்கிறது. இருபதாயிரம் நூலுக்கு மிகாத நூலகத்தில் ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு. இது தனியார் பள்ளியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் தாளாளர் கையொப்பத்தோடு இதையே பள்ளி விதியாக எழுதி வைப்பதை யாரும் தடுக்கவில்லை. 400 பிள்ளைகள் வாரம் ஒரு புத்தகம் என்று 30 வாரம் எடுத்தால் 12,000 இரவல். 60 புத்தகம் வரை கழித்து எழுதலாம். அந்தக் கணக்கைப் பார்த்தாலே பல ஆசிரியர்கள் சாவியைக் கொடுத்துவிடுவார்கள்.

அடுத்தது அலமாரி. கதவில்லாத திறந்த அடுக்கு போதும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கீழ்த்தட்டு தரையிலிருந்து அரை அடி உயரத்தில் இருக்கட்டும். பாக் நீரிணைப் பக்கம் என்றால் வாடைக் காற்று அறையும் வடகிழக்குச் சுவரையும், மன்னார் வளைகுடாப் பக்கம் என்றால் தென்மேற்குச் சுவரையும் தவிர்க்க வேண்டும். ஒரு விரலால் இழுத்தால் வரும் அளவுக்குத் தளர்வாக அடுக்குங்கள். தட்டில் பழைய செய்தித்தாள் விரிக்கும் வழக்கம் வேண்டாம்: அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதன் அமிலம் மேலே இருக்கும் அட்டையையும் பழுப்பாக்கும். துருவேறிய தட்டைச் சுரண்டி ரெட் ஆக்சைடு பூசி, நன்றாகக் காய்ந்த பிறகே புத்தகம் ஏற வேண்டும். சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் ஈரப்பதமானி கிடைக்கிறது. ஜன்னலோரம் வைக்காமல் நடு அடுக்கில் வையுங்கள். ஏசி வாங்கும் யோசனை இருந்தால் ஒரு எச்சரிக்கை. பகலில் ஓட்டி மாலையில் அணைத்தால், குளிர்ந்திருக்கும் புத்தகத்தின் மேல் கடற்காற்றின் ஈரம் வந்து படியும். ஏசியே இல்லாததைவிட இது மோசம். மின்விசிறி போதும்.

அந்துருண்டை போடாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அந்த நாப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியது. எந்தக் குழந்தைக்கு அந்தக் குறைபாடு என்று பள்ளிக்குத் தெரியாது. வேப்பிலை வைப்பவர்கள் சருகாகக் காய்ந்ததை வைக்கட்டும், பச்சையாக வைத்தால் ஈரம்தான் கூடும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் திறந்த அறையில் வீண் செலவு.

பூஞ்சை பிடித்த புத்தகத்தை அடுக்கில் வைத்தபடியே தட்டக் கூடாது. வித்துகள் அறை முழுக்கப் பரவும். பாலித்தீன் பையில் போட்டு வெளியே எடுத்துப் போய், நிழலில் இரண்டு நாள் விரித்து வைத்து, பூஞ்சை பொடியாக உலர்ந்த பிறகு மென்மையான தூரிகையால் காற்றடிக்கும் திசையில் துடைக்க வேண்டும். என்95 முகக்கவசம் கட்டாயம். ஈரத் துணி வேண்டாம், கறை தாளுக்குள் இறங்கிவிடும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள், மூச்சிளைப்பு உள்ள பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

மழையில் நனைந்த புத்தகத்துக்கு 48 மணி நேரம்தான் அவகாசம். வழவழப்புத் தாள் படக்கதைகளை முதலில் கவனியுங்கள்; பக்கங்கள் ஒட்டிக் காய்ந்தால் பிரிக்க முடியாது. மற்றவற்றில் இருபது பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் தாள் செருகி, அது நனைந்ததும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் நனைந்துவிட்டால் நம் கரைக்கென்று ஒரு வசதி உண்டு: மீன் பதப்படுத்தும் இடங்களின் மைனஸ் 20 டிகிரி குளிர் அறை. இரட்டைப் பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி அங்கே வைத்தால் பூஞ்சை வளர்வது நிற்கும். பிறகு சிறிது சிறிதாக எடுத்து உலர்த்தலாம். பூச்சி அரித்த நூலுக்கும் இதுவே மருந்து. ஒரு வாரம் வைத்து, எடுத்தபின் 24 மணி நேரம் பையைத் திறக்காமல் விட வேண்டும். பையை நன்றாகக் கட்டாவிட்டால் புத்தகம் பிழைத்தாலும் வாடை போகாது.

பிள்ளைகள் அதிகம் எடுக்கும் மெல்லிய கதைப் புத்தகங்களுக்கு எமன், உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் ஸ்டேப்ளர் பின்தான். வாங்கிய வாரமே மழுங்கிய கத்தியால் இரண்டு பின்னையும் நிமிர்த்தி எடுத்துவிடுங்கள். இருக்கும் துளைகளுக்கு நடுவே ஊசியால் மூன்றாவது துளை. உள்ளிருந்து நடுத்துளை வழியாக நூலை வெளியே விட்டு, மேல் துளையில் உள்ளே வாங்கி, நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த் துளையில் வெளியேற்றி, மறுபடி நடுத்துளையில் உள்ளே கொண்டுவந்து, நீளமாக ஓடும் நூலின் இரு புறமும் முனைகள் வரும்படி முடிச்சிடுங்கள். தடித்த பருத்தி நூல் போதும். கையருகே கிடைக்கிறதே என்று தங்கூசி எனும் மீன்பிடி நைலான் நரம்பைப் போட்டால் தாளை அறுத்துவிடும். செல்லோ டேப்பும் கூடாது, சில ஆண்டுகளில் பசை மஞ்சளாக ஊறும். பழுப்புத் தாள் அட்டை போடுவதையும் விட்டுவிடலாம்; எல்லாப் புத்தகமும் ஒரே முகமாகிவிட்டால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை எதைப் பார்த்து எடுக்கும்?

வகைப்படுத்துவதில், நூலகங்கள் பொருள்வாரியாக நூல்களைப் பிரிக்கப் பயன்படுத்தும் டியூவி எண்ணை அப்படியே பின்பற்றினால் இரண்டு சிக்கல்கள் வரும். தமிழ் இலக்கியம் முழுக்க 894.811-இல் விழும், ஆக உங்கள் கதைப் புத்தகங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே எண். எனவே எண்ணைப் பதிவேட்டோடு வைத்துக்கொண்டு, புத்தக முதுகில் வாசிப்பு நிலைக்கு ஒன்றாக நான்கு நிற வில்லை ஒட்டுங்கள். ஸ்டோரிவீவர் என்ற சிறுவர் கதை இணையதளம் வைத்திருக்கும் அளவு உதவும்: 250 சொல்லுக்குள் முதல் நிலை, 600 வரை இரண்டு, 1500 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு. அதே தளத்தில் தமிழ்க் கதைகள் ஏராளம். படைப்பாளர் பெயரோடு அச்சிட்டுக்கொள்ளவும் உரிமம் இடம் தருகிறது.

இரண்டாவது சிக்கல் 200-ஆம் வகுப்பு. அதில் 220 முதல் 289 வரை கிறிஸ்தவம். இந்து சமயம் 294.5-இலும் இஸ்லாம் 297-இலும் அடங்கிவிடும். நன்கொடையும் அதே விகிதத்தில் வருவதால் வாசல் அருகே உள்ள அடுக்கு முழுக்க ஜெப நூல்களாகிவிடுகிறது. இஸ்லாமியக் குடும்பங்கள் அதிகமுள்ள பெரியபட்டினம், கீழக்கரைப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளியில் அந்த முதல் அடுக்கே ‘இது உனக்கில்லை’ என்று சொல்லிவிடும். ஆன்மிக நூல்களுக்குத் தனி அடுக்கு கொடுங்கள், ஆனால் முகப்பில் கதையும் கடலும் அறிவியலும் இருக்கட்டும்.

வரும் நன்கொடையை எல்லாம் ஏற்க வேண்டியதில்லை. தெலங்கானா இல்லாத அட்லஸ் 2014-க்கு முந்தையது. புளூட்டோவை ஒன்பதாவது கிரகம் என்னும் கலைக்களஞ்சியம் 2006-க்கு முந்தையது. இரண்டையும் கழித்துவிடலாம். ஆனால் பழைய பள்ளி மலர், ஆலய நூற்றாண்டு மலர், 1985-இல் மாவட்டம் பிரியும் முன் அச்சான ராமநாதபுர வரைபடம் ஆகியவை எடைக்குப் போகக் கூடாது. மூடி வைக்க வேண்டியவை இவை மட்டுமே: காற்றுப் புகாத பெட்டி, உள்ளே ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல், நிறம் மாறியதும் சூடேற்றி மறுபடி போடலாம். பெட்டிக்கு மேல் உள்ளடக்கப் பட்டியல்.

நூலகப் பாடவேளை வாரத்துக்கு ஒன்றாவது வேண்டும். அதைக் கணக்குத் தேர்வுக்கு யாருக்கும் கடன் கொடுக்கக் கூடாது. 40 பேர் வகுப்புக்கு 60 புத்தகம் கொண்ட தொட்டி ஒன்று, மாதம் ஒருமுறை அடுத்த பிரிவோடு மாற்றம். பதிவேட்டில் தேதி, பெயர், புத்தக எண், திரும்பிய தேதி போதும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் நடத்திவிடுவார்கள்.

கோடை விடுமுறையில்தான் பீரோ மறுபடி பூட்டப்படுகிறது, அறையும் அடைபடுகிறது. அதற்குப் பதில் ஏப்ரல் கடைசிப் பாடவேளையில் ஆளுக்கு ஐந்து புத்தகம் கொடுத்தனுப்புங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பல வீடுகளில் அப்பாவும் கரையில்தான் இருப்பார். அந்த இரண்டு மாதம் கையில் காசு புழங்காது என்பதால், ஜூனில் திரும்பாத புத்தகத்துக்கு அபராதம் கேட்காமல் ஆகஸ்ட் வரை காத்திருந்து, அதற்கும் பிறகு இழப்புக் கணக்கில் எழுதுங்கள்.